ஓட்டுக்குள் ஒரு கழிமுகம்

சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரம், பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் சூழ்ந்த கரிசல் நிலத்து ஊர். கடல் அதன் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கிறது. ஆயினும் அவ்வட்டாரம் முழுவதும் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது என்பதால், வடகிழக்குப் பருவமழையில் ஓடைகளில் இறங்கும் நீரில் கண்மாய்கள் பிடித்துவைத்துக்கொண்டது போக எஞ்சுவது, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொள்ளும் வைப்பாற்றின் வழியே கிழக்கே சென்று, தூத்துக்குடிக்கு வடக்கில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கூடும் இத்தகைய கழிமுகங்களில், பாறைகளிலும் பழைய ஓடுகளிலும் ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்களுள் ஒன்று உணவுச் சிப்பி. பெருநகரங்களில் 'ஆய்ஸ்டர் பார்' எனப்படும் உணவகங்களில் நொறுக்கிய பனிக்கட்டியின்மேல் அடுக்கி, எலுமிச்சைத் துண்டுடன் பரிமாறப்படுவதும் இதன் உறவினங்களே. ஆட்டிறைச்சியோ கோழியோ உண்பவர் அவ்விலங்கு எந்தக் கிணற்று நீரைக் குடித்தது என்று கேட்க வேண்டியதில்லை. சிப்பியை உண்பவரோ அது வாழ்ந்த நீரையே ஒரு வகையில் உண்கிறார் என்பதால், அந்த நீரின் வரலாறு அவருடைய தட்டின் வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

தமிழில் 'சிப்பி' என்னும் ஒரே சொல் பல உயிர்களைக் குறிப்பதால் ஒரு தெளிவு முதலிலேயே தேவைப்படுகிறது. கொற்கைக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் புகழ் தேடித் தந்த முத்துச்சிப்பி, உணவுச் சிப்பிக்குப் பெயரளவில் நெருங்கியதே தவிர, பிறப்பளவில் வேறு குடும்பத்தது. முத்துச்சிப்பி வலிய இழைகளைச் சுரந்து பாறையைப் பற்றிக்கொள்கிறது. அதன் ஓட்டின் உட்புறம் வானவில் நிறம் காட்டும் முத்துப்படலத்தால் ஆனது. உணவுச் சிப்பியோ தன் இடப்பக்க ஓட்டையே பாறையோடு சேர்த்துப் பூசிக்கொண்டு, ஆயுள் முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகராமல் இருந்துவிடுகிறது. அதன் உட்புறம் பீங்கான்போல் வெளுத்திருக்குமேயன்றி மின்னுவதில்லை, அதனுள் அரிதாக ஒரு மணி உருவானாலும் நகைக்கடையில் அதற்கு மதிப்பில்லை. தமிழகக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் உணவுச் சிப்பியினத்துக்கு 1916இல் பிரஸ்டன் என்ற ஓட்டுயிர் ஆய்வாளர் இட்ட பெயர் சென்னையின் பழைய பெயரைத் தாங்கியதாகும்: கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். அதனை ஏனையவற்றிலிருந்து பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. வெறும் ஓட்டை எடுத்து உட்புறத்தைப் பார்த்தால், தசை பற்றியிருந்த இடத்தில் அவரைவிதை வடிவில் கருத்த ஊதா நிறத் தழும்பு ஒன்று தெரியும்.

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்திய தொல்காப்பியம், தன் மரபியலில் நந்து, முரள் ஆகியவற்றைத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டுமே உடைய ஈரறிவுயிர்களாக வைத்தது. முரள் என்பதில் இப்பி, கிளிஞ்சில் முதலியவை அடங்கும் என்று உரையாசிரியர் விளக்கினார். இப்பி என்பது சிப்பியின் பழம்பெயர். இந்த வகைப்பாடு எவ்வளவு கூர்ந்த நோக்கின் விளைவு என்பது சிப்பியின் உடலை அறிந்தவர்க்கு விளங்கும். அதற்குத் தலையில்லை, முகமென்று சொல்லத்தக்கதும் இல்லை. உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறை என்னும் மெல்லிய தோல்மடிப்பின் விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்ணிய உணர்நீட்சிகளைக் கொண்டு நீரைத் தொட்டும், அதில் கரைந்திருப்பதைச் சுவைத்தும்தான் அது உலகை அறிகிறது. மேலே திடீரென நிழல் விழுந்தால் ஓட்டை மூடிக்கொள்ளும் அளவுக்கு ஒளியையும் அது உணரும் என்பதை மட்டும் இன்றைய உயிரியல் கூடுதலாகச் சேர்க்கிறது.

சிப்பியின் இரு ஓடுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பாறையில் ஒட்டியிருக்கும் இடப்பக்க ஓடு கிண்ணம்போல் குழிந்தும், வலப்பக்க ஓடு தட்டையான மூடியாகவும் அமைந்திருக்க, இரண்டையும் ஒரு முனையில் மீள்தன்மையுள்ள பிணையம் ஒன்று கீல்போல் இணைக்கிறது. இந்தக் கீலின் இயல்பு ஓடுகளைத் திறந்துவிடுவது. அதை எதிர்த்து இழுத்து மூடிவைப்பது ஓடுகளின் நடுவே தூண்போல் நிற்கும் மூடுதசை. எனவே சிப்பி திறப்பதற்கு எந்த முயற்சியும் செய்வதில்லை, மூடுவதற்கே உழைக்கிறது. இறந்த சிப்பியின் தசை தளர்ந்துபோவதால் ஓடு தானே வாய்பிளந்து கிடக்கும். விரலால் தட்டியும் மூடிக்கொள்ளாத சிப்பியைச் சமையற்காரர் தயக்கமின்றி எறிந்துவிடுவதற்கு இதுவே காரணம். உயிருள்ளது ஓட்டினுள் சிறிது கடல்நீரை அடைத்துக்கொண்டு இறுக மூடிவிடுவதால், குளிர்ச்சியில் வைத்தால் கடலைவிட்டுப் பல நாட்கள் பிழைத்திருக்கும். கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள நகரங்களுக்கும் உயிருடன் சென்று சேரும் கடலுணவாக அது அமைந்தது இந்த ஆற்றலால்தான்.

மூடியிராத வேளையெல்லாம் சிப்பி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் செவுள்கள் மூச்சு விடுவதற்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றின்மேல் நெருங்கி முளைத்திருக்கும் நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து நீரோட்டத்தை உண்டாக்க, நீருடன் வரும் நுண்பாசிகளும் பிற துகள்களும் செவுளிலுள்ள பசைநீரில் சிக்கி வாயை நோக்கி நகர்த்தப்படுகின்றன. நீரிலிருந்து இவ்வாறு உணவைச் சலித்தெடுக்கும் உயிர்களை வடிகட்டி உண்ணிகள் என்பர். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைச் சிப்பி ஒன்று உகந்த சூழலில் ஒரு நாளில் ஏறத்தாழ 190 லிட்டர் நீர்வரை வடிகட்டும் என்று கணக்கிட்டுள்ளனர். நாரணாபுரம் போன்ற ஊரில் பத்துப் பதினைந்து குடங்களைத் தெருக்குழாயடியில் வரிசையில் நின்று நிரப்பியவருக்கு அந்த அளவின் பெருமை தனியே விளக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் வடிகட்டியில் நல்லதும் தங்கும், கெட்டதும் தங்கும். நீரில் மிகக் குறைந்த செறிவில் இருக்கும் கன உலோகங்களும் கிருமிகளும் சிப்பியின் உடலில் பன்மடங்காகச் சேர்ந்துவிடும். செம்பு மிகுந்த நீரில் வளர்ந்த சிப்பியின் தசை பச்சை நிறமாக மாறிவிடுவதும் உண்டு. இப்பண்பையே பயன்படுத்தி, அமெரிக்கா 1986 முதல் தன் கரையோரங்களில் சிப்பிகளையும் அவற்றின் உறவினங்களையும் சேகரித்துச் சோதித்து, கடல் மாசை அளந்து வருகிறது.

ஓடு உருவாகும் விதமும் இதே கதையின் இன்னொரு பகுதி. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியத்திலிருந்து தனக்குத் தேவையானதை எடுத்து, மேலுறை அதனைக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருளாகவே, படலம் படலமாக ஓட்டில் சேர்க்கிறது. அதே லிட்டரில் 8 மில்லிகிராம் அளவுக்கு ஸ்ட்ரான்ஷியமும் உண்டு. தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே நிற்கும் இத்தனிமம் அதனைப் பெரிதும் ஒத்திருப்பதால், சிறு அளவில் அதன் இடத்தில் புகுந்து ஓட்டுக்குள் அமர்ந்துகொள்கிறது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிந்த தனிமம் இது. வாணவேடிக்கையின் செந்நிறத்துக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்புகளே காரணம். வானத்தில் ஒரு நொடி சிவந்து மறையும் அதே தனிமம் கழிமுகத்தின் அடியில் ஓசையில்லாமல் ஓட்டின் படலங்களுக்குள் அடுக்கப்படுகிறது என்பது எண்ணிப் பார்க்க இன்பம் தருவது.

நகரத்துச் சிப்பி உணவகத்தில் பரிமாறுமேடைக்குப் பின்னால் நிற்பவர், சமையல்காரர் என்பதைவிடச் 'சிப்பி திறப்பவர்' என்றே மதிக்கப்படுகிறார். தடித்த துணியில் சிப்பியை இருத்தி, குழிந்த ஓடு அடியில் இருக்குமாறு பிடித்து, குட்டையான, முனை மழுங்கிய கத்தியைக் கீலுக்குள் செலுத்தி அவர் மெல்லத் திருகுகிறார். கீல் விட்டதும் கத்தியை மேலோட்டின் உட்புறத்தோடு படியச் சறுக்கி மூடுதசையை அறுத்து மூடியை நீக்குகிறார். பிறகு அடியிலுள்ள தசையையும் அறுத்துவிட, சாம்பல் கலந்த வெண்ணிறச் சதை, கருத்த மேலுறை விளிம்புடன், கிண்ணத்திலுள்ள உப்புநீரில் மிதந்தபடி கிடக்கும். அந்த நீரைச் சிந்தாமல் வைப்பதில்தான் அவருடைய கைத்திறன் தெரியும்.

அந்தச் சுவையைக் கடலின் சுவை என்று பொதுவாகச் சொல்லிவிடுவர். அதன் பின்னுள்ள வேதியியல் அதைவிட நுட்பமானது. மீன்கள் தம் உடலின் உப்பளவைச் சுற்றியுள்ள நீரிலிருந்து வேறாக வைத்துக்கொள்ளவல்லவை. சிப்பிக்கு அந்த ஆற்றல் இல்லை. நீரில் உப்பு ஏறும்போது தன் செல்களிலிருந்து நீர் வெளியேறிவிடாமல் காக்க, கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களை அது செல்லுக்குள் பெருக்கிக்கொள்கிறது. இவ்விரண்டும் இனிப்புச் சுவையுடையவை. ஆகவே உப்பு மிகுந்த நீரில் வளர்ந்த சிப்பி உப்புக் கரிப்பதோடு நிற்காமல், உள்ளே ஓர் இனிமையையும் சுவைச்செறிவையும் பெற்றிருக்கும். மழைவெள்ளம் புகுந்து நீர்த்துப்போன கழிமுகத்துச் சிப்பி சப்பென்றிருக்கும். இனப்பெருக்கத்துக்குமுன் அது சேமிக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளும் சதைக்குக் கொழுமை தரும்; முட்டையிட்ட பிறகு அச்சேமிப்புத் தீர்ந்து சதை மெலிந்துவிடுவதால் அக்காலத்துச் சிப்பியை எவரும் விரும்புவதில்லை. ஆங்கிலப் பெயரில் 'ர்' ஒலி இல்லாத மே முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் சிப்பி உண்ணலாகாது என்ற ஐரோப்பிய வழக்கு இதிலிருந்தும் கோடை வெப்பத்திலிருந்தும் பிறந்தது. ஆண்டு முழுதும் வெதுவெதுப்பான தமிழகக் கடலுக்கு அந்த நாட்காட்டி பொருந்தாது.

குளிர்நாட்டினர் பச்சையாக உண்ட சிப்பியை ஆசியக் கரையோர மக்கள் பெரும்பாலும் அடுப்பில் ஏற்றினர்; இன்று பெருநகர உணவகங்கள் 'ஆசிய ஃப்யூஷன்' என்ற பெயரில் வழங்கும் கலப்புச் சமையல், இவ்விரு மரபுகளையும் ஒரே மேசையில் அமர்த்துகிறது. பனிக்கட்டியின்மேல் வரும் பச்சைச் சிப்பிக்கு வினிகரும் வெங்காயமும் கலந்த பிரெஞ்சுத் தொட்டுக்கைக்குப் பதிலாக, சோயாவில் புளிப்புப் பழச்சாறு சேர்த்த ஜப்பானியப் பொன்சு வருகிறது. இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வெந்தது ஒரு தட்டிலும், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது இன்னொன்றிலும் வருகின்றன. சிங்கப்பூர், பினாங்கு வாழ் தமிழர் நன்கறிந்த சிப்பி ஆம்லெட், இவற்றுக்கெல்லாம் மூத்தது. கிழங்குமாவுக் கரைசலைச் சூடான தட்டையான சட்டியில் ஊற்றி, ஓரம் மொறுமொறுப்பாகும்போது முட்டையை உடைத்துவிட்டு, சிறு சிப்பிகளைக் கடைசியில் சேர்த்துப் புரட்டி, மிளகாய்ச் சாந்துடன் தருவர். மாவின் ஒரு பகுதி கரகரப்பாகவும் மறுபகுதி வழவழப்பாகவும் இருப்பதே அதன் இலக்கணம். தாய்லாந்தினர் பச்சைச் சிப்பியைப் பொரித்த சின்ன வெங்காயம், மிளகாய்ச் சாந்து, ஒருவகை இளந்தழை ஆகியவற்றோடு உண்கின்றனர். அந்தத் தழை வேறொன்றுமில்லை, தமிழக வேலியோரங்களில் ஆட்டுத் தீவனமாக வளர்க்கப்படும் சவுண்டல், அதாவது சூபாபுல் கொழுந்தே. சீன உணவுகளில் சேரும் கரிய சிப்பிச் சாறு 1888இல் தென்சீனக் கரையில் லீ கும் ஷியுங் என்பவரால் வணிகப் பொருளாக்கப்பட்டது. சிப்பியை நெடுநேரம் கொதிக்கவைத்துக் கிடைக்கும் அந்தக் குழம்பில் இருப்பது, மேலே சொன்ன அமினோ அமிலங்களின் செறிவுதான். விருதுநகர்ச் சந்தை மிளகாய் வற்றலும் புளியங்குடி எலுமிச்சையும் இம்மேசைக்கு அந்நியமாகா. இன்னும் எவரும் அவற்றைப் போதிய அளவு முயன்று பார்க்கவில்லை என்பதே குறை.

எலுமிச்சைச் சாறும் காரமும் மதுவும் பச்சைச் சிப்பியிலுள்ள கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலானது, அது தவறு. விப்ரியோ என்னும் பாக்டீரிய இனம் வெதுவெதுப்பான உவர்நீரில் இயல்பாகவே பெருகுவது. அதன் ஒரு வகை, கல்லீரல் நோயுள்ளவர்களின் உயிரையே பறிக்கக்கூடியது. கழிவுநீர் கலந்த இடத்துச் சிப்பி, மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸையும் வயிற்றுப்போக்கு வைரஸ்களையும் சுமக்கக்கூடும். இவற்றுக்கு எதிராக நம்பத்தக்கது நன்றாக வேகவைப்பதே. ஆகவே வெப்பமண்டலக் கரையினர் சிப்பியை ஆவியில் வைப்பதும் பொரிப்பதும் வெறும் சுவை வேறுபாடு அன்று, தம் நீரை அறிந்தவர்களின் அறிவு என்றே கொள்ளத்தகும்.

தமிழகத்தில் சிப்பியை வளர்க்கும் எண்ணம் பழையது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், பிரெஞ்சு நாட்டு முறைகளை ஆராய்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டு ஏரியில் அதற்கு முயன்றார். நிலைத்த வளர்ப்புமுறையை உருவாக்கியது, 1970களில் தூத்துக்குடியில் ஆய்வைத் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமாகும். 1973இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்துக்களை இதே கரையில் உருவாக்கிய நிறுவனமும் அதுவே. முத்துக்குக் கிடைத்த புகழ் உணவுச் சிப்பிக்குக் கிடைக்கவில்லை என்றாலும், இந்தப் பணியின் எளிமையும் கூர்மையும் அதைவிடக் குறைந்தவை அல்ல.

முட்டையிலிருந்து வெளிவரும் சிப்பியின் இளவுயிரி கண்ணுக்குப் புலப்படாத சிறு நீந்தியாக இரண்டு மூன்று வாரங்கள் நீரில் அலைகிறது. பின்னர் அதற்குக் கண்புள்ளியும் சிறு காலும் முளைக்க, ஏற்ற இடம் தேடி ஊர்ந்து பார்த்து, பிடித்த இடத்தில் ஒருதுளிப் பசையைச் சுரந்து இடப்பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் அந்தக் காலும் கண்ணும் மறைந்துபோகின்றன. வாழ்நாளில் ஒரே ஒருமுறை எடுக்கும் அந்த முடிவுக்கு வளர்ப்பவர் இடம் அமைத்துக் கொடுக்க வேண்டும். தூத்துக்குடி ஆய்வாளர்கள் அதற்குத் தேர்ந்தது, வீட்டுக்கூரைக்கு வேயும் நாட்டு ஓடு. ஓட்டின்மேல் சுண்ணாம்பு பூசிக் கழிமுகத்தில் வைத்தால் சிப்பிக் குஞ்சுகள் அதில் ஒட்டும். அவை சற்று வளர்ந்ததும் சுண்ணாம்புப் பூச்சு எளிதில் உதிர்ந்துவிடுவதால் குஞ்சுகளை ஊறில்லாமல் பெயர்த்தெடுக்கலாம். பெயர்த்தவற்றை வலையடித்த தட்டுகளில் பரப்பி, ஆழம் குறைந்த நீரில் கம்புகளால் கட்டிய பரண்களின்மேல் வைத்து வளர்ப்பர். இம்முறையில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 டன் வரையும், தட்டுக்குப் பதிலாகக் கயிறுகளில் தொங்கவிடும் முறையில் 80 டன் வரையும் விளைவிக்கலாம் என்று அந்நிலையம் கணித்தது. நிலத்தில் எந்தத் தீனியும் வாங்காமல், உரம் போடாமல், நீர் பாய்ச்சாமல் இவ்வளவு புரதம் தரும் பண்ணை அரிது. அலையும் ஓதமும் கொண்டுவரும் பாசியே தீனி.

அறுவடையான சிப்பியை அப்படியே சந்தைக்கு அனுப்புவதில்லை. வடிகட்டித் தூய்மையாக்கிய கடல்நீர் ஓடும் தொட்டியில் அதை ஒருநாள் அளவுக்கு இருத்தினால், நீர் இறைக்கும் அதே செவுள்கள் உடலுக்குள் தேங்கிய மண்ணையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் வெளியேற்றிவிடுகின்றன. வைரஸ்களும் உலோகங்களும் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. ஆகவே இம்முறை, சிப்பி வளரும் நீரைத் தூய்மையாக வைத்திருப்பதற்கு மாற்றாகாது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் 1990கள் தொட்டு மகளிர் குழுக்கள் இம்முறைகளைக் கைக்கொண்டு வளர்ப்பை வாழ்வாதாரமாக்கின. அங்கே சிப்பி உண்ணும் வழக்கம் முன்பே இருந்தது உதவியது. தமிழகக் கரையில் சிப்பியின் மதிப்பு பெரிதும் சுண்ணாம்புச் சூளையோடு நின்றுவிட்டது. ஓட்டைச் சுட்டுக் கரியமிலவாயு நீங்கிய சுண்ணத்தை நீரில் தாளித்து, வெற்றிலைக்கும் சுவர்ப்பூச்சுக்கும் பயன்படுத்திய நாட்டில், பளிங்குபோல் பளபளத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு உலகப் புகழ் பெற்றது. ஓட்டுக்குள் இருந்த சதையைச் சுவைத்தவர் கரையோர மீனவரே. அது தமிழகம் தன் கடலுக்குச் செய்த புறக்கணிப்பு.

நியூயார்க் நகரத்தின் வரலாறு இங்கே எண்ணத்தக்கது. தன் துறைமுக நீரில் விளைந்த சிப்பியைத் தெருவண்டியிலும் நிலவறைக் கடையிலும் ஏழையும் செல்வரும் ஒருங்கே உண்ட அந்நகரத்தில், 1913இல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் திறந்த சிப்பி உணவகம் இன்றும் நடக்கிறது. ஆனால் நகரத்துக் கழிவு கலந்த அந்நீரின் கடைசிச் சிப்பிப் படுகை 1927இல் மூடப்பட்டது. அதன்பின் வேறு கரைகளின் சிப்பியையே அந்நகரம் உண்கிறது. 2014இல் அங்கே தொடங்கிய பில்லியன் ஆய்ஸ்டர் திட்டம், உணவகங்களில் உண்டு எறிந்த ஓடுகளைத் திரட்டி, ஓராண்டுக் காலம் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்டுச் சுத்தமாக்கி, புதிய சிப்பிக் குஞ்சுகளை அவற்றில் ஒட்டவைத்துத் துறைமுகத்தில் இறக்குகிறது.

சிப்பியின் இளவுயிரி எல்லாவற்றையும்விட மற்றொரு சிப்பியின் ஓட்டையே ஒட்டிக்கொள்ள விரும்பும் என்ற அறிவையே அத்திட்டமும் தூத்துக்குடியின் கயிற்றுமுறையும் பயன்படுத்துகின்றன. ஜப்பானியச் சொல்லால் 'ரென்' எனப்படும் கயிற்றுமுறையில், பழைய ஓடுகளை நடுவில் துளையிட்டு, ஓர் ஓட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்குமாறு நைலான் கயிற்றில் கோத்துக் கழிமுகத்தில் தொங்கவிடுவர். சில வாரங்களுக்குப் பிறகு கயிற்றைத் தூக்கிப் பார்த்தால், ஊதாத் தழும்புள்ள பழைய ஓட்டின் வழவழப்பான உட்புறத்தில், மிளகளவு தடிப்புகளாக, விரல் நுனியால் தடவினால் மட்டுமே உணரக்கூடிய புதிய சிப்பிகள் ஒட்டியிருக்கும்.